கல்லூரிப் பாடம் மெய்நிகர் உலகில்: மாணவர்கள் ஏற்கிறார்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தங்கள் பாடத்தில் ஒரு பகுதியை மெய்நிகர் உலகுக்குள் கொண்டுபோக நினைக்கும் ஆசிரியர்களும், இதையே தலைப்பாக எடுத்து ஆய்வேடு எழுதுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு நீளமான பதில் தேவைப்பட்டது, சிலவற்றுக்கு இரண்டு வரி போதுமாக இருந்தது.

மெய்நிகர் உலகம் என்று எதைச் சொல்கிறீர்கள்? வீடியோ வகுப்பும் அதில் சேருமா?

சேராது. கணினித் திரையிலோ ஹெட்செட்டிலோ (கண்களை மூடித் தலையில் மாட்டும் காட்சிக் கருவி) தெரியும் ஓர் இடம் வேண்டும். அதற்குள் பலர் ஒரே நேரத்தில், ஆளுக்கோர் அவதாரோடு (உள்ளே அவரைக் குறிக்கும் உருவம்) நடமாடவும் பேசவும் பொருள்களை எடுத்து மாற்றவும் முடிய வேண்டும். எல்லாரும் வெளியேறிய பிறகும் அந்த இடம் அப்படியே இருக்க வேண்டும். நேற்று ஒரு குழு கட்டிய பாலம், இன்று இன்னொரு குழு வரும்போதும் நிற்கும். வீடியோ வகுப்பு அழைப்பைத் துண்டித்ததும் கலைந்துவிடுகிறது. ஒருவர் தனியாக ஹெட்செட் மாட்டிப் பார்க்கும் 360 டிகிரி காட்சியிலும் கூட்டாளிகள் இல்லை.

எழுத்தால் மட்டுமே ஆன இத்தகைய உலகம் ஒன்று 1978-இலேயே எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரு மாணவர்களின் கையில் உருவாகத் தொடங்கியது. ஆனால் கல்லூரிகள் பெருமளவில் உள்ளே வந்தது, லிண்டன் லேப் நிறுவனம் 2003-இல் திறந்த செகண்ட் லைஃப் என்ற முப்பரிமாண உலகின் வழியாகத்தான். 2006-இல் ஹார்வர்டு சட்டக் கல்லூரியே ஒரு பாடத்தின் ஒரு பகுதியை அங்கே நடத்தியது. மாணவர் ஏற்பைப் பற்றிய முந்தைய ஆய்வுகளில் பலவும் அந்தத் தளத்தைச் சுற்றியே எழுதப்பட்டவை.

சரி, மாணவர்கள் ஏற்றுக்கொள்கிறார்களா, இல்லையா?

உள்ளே போய் என்ன செய்யச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது. மாணவர்களை ஏற்பவர், ஏற்காதவர் என்று இரண்டாகப் பிரிப்பதில் பெரிய பலன் இல்லை. ஒரே ஆள் இரண்டு பக்கமும் இருப்பார். ஒரு செவிலியர் மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். நோயாளியாக நடிக்கும் சக மாணவரிடம் மருந்து ஒவ்வாமை பற்றி விசாரித்துப் பழகும் பயிற்சி என்றால், மதிப்பெண் இல்லாவிட்டாலும் மாலையில் இன்னொரு முறை உள்ளே வருவார். அதே உலகில் ஆசிரியரின் அவதார் மேடையேறி 40 நிமிடம் ஸ்லைடு காட்டினால், தன் அவதாரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

(கால் வலிக்கவே வலிக்காத உருவத்துக்கு நாற்காலி எதற்கு? மெய்நிகர் உலகில் முதலில் கட்டப்படுவது பெரும்பாலும் படிக்கட்டு வைத்த விரிவுரைக் கூடம்தான். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.)

ஆகவே இந்தப் பக்கம் முழுவதும் ஏற்பு என்று நான் சொல்வது ஒன்றைத்தான்: கட்டாயம் நீங்கிய பிறகும் மாணவர் திரும்பி வருகிறாரா? ‘பிடித்திருந்தது’ என்று படிவத்தில் குறிப்பது வேறு.

ஏற்பை ஆய்வாளர்கள் எப்படி அளக்கிறார்கள்?

பெரும்பாலான ஆய்வுகளுக்கு அடித்தளம் ஃபிரெட் டேவிஸின் தொழில்நுட்ப ஏற்பு மாதிரி. மனிதரின் நம்பிக்கையிலிருந்து மனப்போக்கு, மனப்போக்கிலிருந்து நோக்கம், நோக்கத்திலிருந்து செயல் என்று ஃபிஷ்பைனும் அய்சனும் 1975-இல் வரைந்த சங்கிலியை அவர் கணினிக்குப் பொருத்தினார். ஒருவர் ஒரு மென்பொருளைப் பயன்படுத்துவதை இரண்டு எண்ணங்கள் முடிவு செய்கின்றன என்பது அவர் வாதம்: இது என் வேலைக்கு உதவும், இதைக் கையாள்வது எளிது.

1989-இல் வெளியான அவருடைய கட்டுரையில் 152 பேரும் நான்கு மென்பொருள்களும் இடம்பெற்றன. முதல் ஆய்வில், உதவும் என்ற எண்ணத்துக்கும் பயன்பாட்டுக்கும் இடையிலான ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்ற அளவு; உச்சம் 1) 0.63, எளிது என்ற எண்ணத்துக்கு 0.45. இரண்டாம் ஆய்வில் முறையே 0.85, 0.59. உதவும் என்ற எண்ணமே இரண்டிலும் முன்னால் நிற்கிறது. எளிமையின் செல்வாக்குப் பெருமளவு ‘எளிதாக இருப்பதால் உதவும்’ என்ற வழியில்தான் வருகிறது என்றும் அவர் ஊகித்தார்.

இந்த எண்களை மேற்கோள் காட்டும் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அதில் ‘பயன்பாடு’ என்பது முதல் ஆய்வில் பயனர்கள் தாங்களே சொன்ன அளவு. இரண்டாவதில், இனிமேல் பயன்படுத்துவோம் என்று அவர்களே கணித்த அளவு. பின்னால் வந்த மெய்நிகர் உலக ஆய்வுகளில் பலவும் இந்தப் பழக்கத்தை அப்படியே தொடர்ந்தன.

பிறகு மாதிரிகள் பெருகின. எட்டு மாதிரிகளை ஒன்றாக்கி 2003-இல் வெங்கடேஷும் உடன் ஆய்வாளர்களும் ஓர் ஒருங்கிணைந்த மாதிரியைத் தந்தார்கள். பலன் பற்றிய எதிர்பார்ப்பு, உழைப்பு பற்றிய எதிர்பார்ப்பு, சுற்றியிருப்போர் செல்வாக்கு, கைகொடுக்கும் வசதிகள் என்று அதற்கு நான்கு தூண்கள். 2012-இல் இன்பம், விலை, பழக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்தன. மெய்நிகர் உலகத்தை ஆய்பவர்கள் இவற்றோடு ‘அங்கேயே இருப்பதான உணர்வு’, ‘தன்னை மறந்து மூழ்குதல்’, ‘கூட ஆட்கள் இருக்கும் உணர்வு’ ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்வது வழக்கம்.

உதவுமா, எளிதா, இன்பமா? எதை முதலில் கவனிக்க வேண்டும்?

உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. டேவிஸ் ஆராய்ந்தது அலுவலக வகை மென்பொருள்களை. வேலை முடிந்தால் போதும், இன்பத்துக்காக யாரும் அவற்றைத் திறப்பதில்லை. 2004-இல் ஹான்ஸ் வான் டெர் ஹெய்டன் இன்பத்துக்காகவே பயன்படுத்தும் அமைப்புகளை ஆராய்ந்தபோது வரிசை மாறிவிட்டது; இன்பமும் எளிமையும் முன்னுக்கு வந்தன, உதவும் என்ற எண்ணம் பின்னுக்குப் போனது.

மெய்நிகர் உலகம் இந்த இரண்டில் எந்த வகை? பார்ப்பதற்கு விளையாட்டு, போவது பாடத்துக்கு. மாணவரும் இதே குழப்பத்தோடுதான் உள்ளே நுழைகிறார். ஆசிரியர் ‘ஜாலியாக இருக்கும்’ என்று அறிமுகப்படுத்தினால், அவர் அதைத் தனக்குத் தெரிந்த விளையாட்டுகளோடு ஒப்பிடுவார். பல நூறு பேர் பல ஆண்டுகள் உழைத்துச் செய்த வணிக விளையாட்டின் முன்னால் கல்லூரி கட்டிய மெய்நிகர் இடம் தோற்றுப்போகும். ‘இது உங்கள் பாடம்’ என்று அறிமுகப்படுத்தினால், ‘இதைப் பிடிஎஃப்-ஆகவே கொடுத்திருக்கலாமே’ என்ற கேள்வி வரும்.

இந்தப் பிடிஎஃப் கேள்விக்குப் பதில் தயாராக இருந்தால் மற்றவை எளிது என்பது என் எண்ணம். இந்தப் பயிற்சியை இந்த உலகுக்கு வெளியே செய்ய முடியாது, அல்லது செய்தால் ஆபத்து, அல்லது ஒருமுறைதான் செய்ய முடியும்: இவற்றில் ஒன்றை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும். அந்த வாக்கியம் கிடைக்காவிட்டால், காட்சிகளை எவ்வளவு மெருகேற்றினாலும் மாணவர் திரும்பி வரமாட்டார். இன்பம் முதல் வாரத்துக்கு ஆள் சேர்க்கும். மூன்றாம் வாரத்தில் மிச்சம் இருப்பவர்கள் பலன் கண்டவர்கள்.

எந்தப் பாடங்களுக்கு ஒத்துவரும்?

பார்னி டால்கார்னோவும் மார்க் லீயும் 2010-இல், முப்பரிமாண உலகம் கற்றலுக்குத் தரக்கூடியவை என ஐந்தைப் பட்டியலிட்டார்கள்: இடம் சார்ந்த அறிவு, அனுபவித்துக் கற்றல், ஈடுபாடு, உண்மைச் சூழலை ஒத்த சூழலில் கற்றல், கூட்டாகக் கற்றல். இந்த ஐந்தில் இடமும் கூட்டும் சேர்ந்து தேவைப்படும் பாடங்களே அதிகம் பலன் பெறுகின்றன.

கட்டடக்கலை மாணவர் தன் வரைபடத்துக்குள் சக மாணவர்களோடு நடந்து, கதவு எங்கே இடிக்கிறது என்று பார்க்கலாம். வேதியியலில் ஒரு மூலக்கூறைச் சுற்றி நின்று பேசலாம். மொழி கற்பவர் ஓட்டலில் உணவு கேட்கவும் விமான நிலையத்தில் வழி கேட்கவும் வெட்கமில்லாமல் பழகலாம். பேரிடர் மேலாண்மை, நீதிமன்ற ஒத்திகை, அகழாய்வுத் தளம் ஆகியவையும் பொருந்தும். கணிதத் தேற்றத்தை வரி வரியாக நிறுவிக் காட்டுவது பொருந்தாது. நீண்ட கட்டுரை வாசிப்பும் அப்படியே. அவதாரின் தோளுக்கு மேலே மிதக்கும் எழுத்தைப் படிப்பதைப் போல எரிச்சல் தருவது வேறில்லை.

இந்தத் தலைமுறை கணினியோடு வளர்ந்தது. பயிற்சி எதற்கு?

கணினியோடே பிறந்து வளர்ந்த தலைமுறை என்ற கருத்தை மார்க் பிரென்ஸ்கி 2001-இல் பரப்பினார். ஒரே வயதினருக்குள்ளேயே திறமை வேறுபாடு மிகப் பெரிது என்று 2008-இல் பென்னட்டும் உடன் ஆய்வாளர்களும் அதை மறுத்தார்கள். வகுப்பறையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். கைபேசியில் மின்னல் வேகத்தில் தட்டும் மாணவர், விசைப்பலகையில் நடந்துகொண்டே மவுஸால் பார்வையைத் திருப்பத் தெரியாமல் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பார்.

விளையாட்டுப் பழக்கம் உள்ளவர்களுக்கு ‘என்னால் முடியும்’ என்ற தன்னம்பிக்கை இருக்கிறது, அது உதவுகிறது. ஆனால் குறை காண்பதிலும் அவர்களே முதலில் நிற்பார்கள். அவர்களை நடுவராக வைக்காமல் உதவியாளராக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வகுப்பிலேயே பாதிப் பேர் சோர்ந்துவிடுகிறார்கள். என்ன தவறு?

பெரும்பாலும் பாடத்தில் தவறு இருக்காது. பாடத்துக்கு வந்து சேர்வதற்குள் மாணவர் களைத்துப்போகிறார்.

ஒரு மாணவர் கடக்க வேண்டியவற்றை எண்ணிப்பாருங்கள். மென்பொருளைத் தரவிறக்க வேண்டும். கல்லூரிக் கணினியில் அதற்கு அனுமதி இருக்காது. கணக்குத் தொடங்க வேண்டும், சரிபார்ப்பு மின்னஞ்சல் ஸ்பேமில் கிடக்கும். லேப்டாப்பில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் காட்சி விட்டுவிட்டு நகரும். கல்லூரி வைஃபையின் ஃபயர்வால் குரல் இணைப்பைத் தடுக்கும். ஒரே அறையில் முப்பது பேர் மைக்கைத் திறந்தால் எதிரொலி காதைப் பிளக்கும். இவ்வளவையும் தாண்டி உள்ளே வந்தவருக்குத் தன் அவதாரின் தலைமுடியை மாற்றவே அரைமணி நேரம் ஆகும். (அந்த அரைமணியைக் குறைக்காதீர்கள். அது அவருடைய உருவம், அவருக்குப் பிடித்தாக வேண்டும்.)

இவற்றில் எதுவும் உங்கள் பாடத்தைச் சேர்ந்ததல்ல. ஆனால் படிவத்தில் ‘எளிதாக இருந்ததா?’ என்ற கேள்விக்கு மாணவர் மனதில் ஓடுவது இவைதான். அதனால் முதல் அமர்வைப் பாடமே இல்லாமல் நடத்துங்கள்: நடப்பது, பறப்பது, பேசுவது, உடை மாற்றுவது, ஒரு பொருளை எடுத்து இன்னொருவர் கையில் கொடுப்பது, அவ்வளவுதான். அதற்கு முந்தைய நாளே எல்லாருடைய கணினியிலும் லாகின் ஆகிறதா என்று பார்த்துவிடுங்கள். அமர்வு நடக்கும்போது உதவி கேட்க, அந்த உலகுக்கு வெளியே ஒரு வாட்ஸ்அப் குழுவாவது இருக்கட்டும். உள்ளே வர முடியாதவர், உள்ளே இருப்பவரிடம் எப்படி உதவி கேட்பார்?

ஹெட்செட் வாங்கினால் ஏற்பு கூடுமா?

வியப்பு கூடும், கற்றல் கூடும் என்று உறுதியில்லை. மக்ரான்ஸ்கி, டெர்கில்ட்சன், மேயர் மூவரும் 2019-இல் வெளியிட்ட சோதனையில் 52 பல்கலைக்கழக மாணவர்கள் ஒரே அறிவியல் ஆய்வகப் பயிற்சியைச் சாதாரணத் திரையிலும் ஹெட்செட்டிலும் செய்தார்கள். ஹெட்செட்டில் ‘அங்கேயே இருக்கும்’ உணர்வு அதிகமாக இருந்தது, கற்றது குறைவாக இருந்தது. மூளையலைப் பதிவும் அவர்கள் மனம் கூடுதல் சுமையோடு இயங்கியதைக் காட்டியது. அது தனியாள் பயிற்சி, பலர் கூடும் உலகம் அல்ல. ஆனாலும் எச்சரிக்கை பொருந்தும்.

இன்னொன்று குமட்டல். உடல் நகர்வதாகக் கண் சொல்கிறது, நிற்பதாகக் காதின் உட்பகுதி சொல்கிறது. இந்த முரண்பாடு சிலருக்குச் சில நிமிடங்களிலேயே தலைசுற்றலைத் தரும். முதல் அனுபவமே வாந்தி வருவதாக இருந்தால், அந்த மாணவரை எந்த ஏற்பு மாதிரியும் திரும்ப அழைத்துவராது. திரையிலேயே தொடங்குங்கள். கையால் ஒன்றைச் செய்து பழகுவதே பாடம் என்றால் மட்டும் ஹெட்செட்டுக்குப் போகலாம்.

வகுப்பில் வாய் திறக்காத மாணவர்கள் அவதார் வழியாகப் பேசுவார்களா?

சிலர் பேசுவார்கள், குறிப்பாகத் தட்டச்சு உரையாடலில். தோற்றம் நடத்தையை மாற்றும் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. நிக் யீயும் ஜெரமி பெய்லென்சனும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், உயரமான அவதார் கிடைத்தவர்கள் பேரம் பேசும்போது கூடுதல் துணிச்சல் காட்டினார்கள். அழகான அவதார் கிடைத்தவர்கள் மற்றவரை இன்னும் நெருங்கி நின்று பேசினார்கள். ஆனால் தயக்கம் மொழியால் வந்தது என்றால் அவதார் அதைத் தீர்க்காது. பாடத்தைப் படிக்காமல் வந்ததால் வந்த தயக்கத்துக்கும் அதே கதிதான்.

கட்டாயமாக்கலாமா? மதிப்பெண் வைத்தால்தானே வருவார்கள்?

வருவார்கள், சந்தேகமில்லை. ஆனால் அது ஏற்பு என்று கணக்கு எழுதாதீர்கள். கட்டாயம் உள்ள இடங்களில், முக்கியமானவர்கள் எதிர்பார்க்கிறார்கள் என்பதே பயன்படுத்தும் எண்ணத்தை நேரடியாகத் தூண்டுகிறது என்றும், விருப்பப்படி பயன்படுத்தும் இடங்களில் அந்த நேரடித் தூண்டல் இல்லை என்றும் 2000-இல் வெங்கடேஷும் டேவிஸும் கண்டார்கள். அனுபவம் கூடக் கூட அந்தத் தூண்டலும் தேய்ந்துபோனது.

நடைமுறையில் நான் பரிந்துரைப்பது இது: முதல் இரண்டு அமர்வுகள் கட்டாயம், மதிப்பெண் சிறிது. மூன்றாவதிலிருந்து அதே வேலையை முடிக்க வேறொரு வழியும் திறந்திருக்கட்டும். எத்தனை பேர் மெய்நிகர் உலகையே தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பாருங்கள். அந்த எண்ணிக்கை எந்தப் படிவத்தையும்விட நேர்மையானது.

ஆய்வு முடிவுகளை எவ்வளவு நம்பலாம்?

‘மாணவர்களிடம் நேர்மறையான மனப்போக்கு காணப்பட்டது’ என்ற வாக்கியத்தைப் பார்த்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். எப்போது கேட்டார்கள்? முதல் அமர்வு முடிந்த சூட்டில் கேட்டிருந்தால், புதுமையின் கவர்ச்சியே பதிலாக வந்திருக்கும். யார் கேட்டார்? மதிப்பெண் போடும் ஆசிரியரே படிவம் கொடுத்தால், மாணவர் மரியாதைக்காகவும் ஆமாம் போடுவார். யாரிடம் கேட்டார்கள்? பாதியில் விலகியவர்கள் படிவம் நிரப்புவதில்லை.

இன்னொரு பொறியும் உண்டு. ‘இது உதவும்’, ‘இனியும் பயன்படுத்துவேன்’ ஆகிய இரண்டையும் ஒரே ஆளிடம், ஒரே தாளில், ஒரே ஐந்து நிமிடத்தில் கேட்டால் அவை ஒட்டித்தான் இருக்கும். அந்த ஒட்டுறவில் ஒரு பகுதி, படிவம் நிரப்பும் பழக்கத்தால் வருவது. நம்பகத்தன்மைக்கான ஆல்ஃபா (ஒரே கருத்தைப் பற்றிய கேள்விகளின் பதில்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு) 0.9-ஐத் தாண்டியது என்றும் பூரிக்க வேண்டாம். ஒரே கேள்வியை ஆறு விதமாகக் கேட்டால் தாண்டாமல் என்ன செய்யும்?

இதே தலைப்பில் ஆய்வேடு எழுதுகிறேன். புதிதாக என்ன செய்யலாம்?

ஏற்பு மாதிரியின் அம்புக்குறி வரைபடத்தில் இன்னொரு பெட்டியைச் சேர்ப்பதை விடுங்கள். நுழைவுப் பதிவேட்டை எடுங்கள்: யார், எப்போது, எவ்வளவு நேரம், பாட நேரத்துக்கு வெளியே எத்தனை முறை. அதைப் படிவத்தின் பதிலோடு ஒப்பிடுங்கள் (மாணவரின் ஒப்புதலோடு, பெயரை நீக்கிவிட்டு). பருவத்தின் தொடக்கத்தில், நடுவில், முடிவில் என்று மூன்று முறை கேளுங்கள். தொடர்ந்து பயன்படுத்துவதை ஆராய 2001-இல் பட்டாச்சர்ஜி தந்த எதிர்பார்ப்பு–உறுதிப்பாட்டு மாதிரி இதற்குப் பொருத்தமானது. முதலில் என்ன எதிர்பார்த்தார்கள், அது நிறைவேறியதா, அதனால் தொடர்கிறார்களா என்று அது கேட்கிறது. விலகிய ஐந்தாறு பேரிடம் உட்கார்ந்து பேசினால், ஆய்வேட்டின் நல்ல அத்தியாயம் அங்கேதான் கிடைக்கும்.

பார்வைக் குறைபாடு உள்ள மாணவர் வகுப்பில் இருந்தால்?

முப்பரிமாணக் காட்சியைத் திரைவாசிப்பான்கள் (திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படிக்கும் மென்பொருள்கள்) சரியாகப் படிப்பதில்லை, ஏனென்றால் அங்கே இருப்பது படம், எழுத்து அல்ல. அதே கற்றல் நோக்கத்துக்கு இணையான வேறு பயிற்சியைத் தொடக்கத்திலேயே தயாராக வையுங்கள். அது தண்டனைபோல் தோன்றாமல், எல்லாருக்கும் திறந்த தேர்வாக இருக்கட்டும். குமட்டல் உள்ளவருக்கும் பழைய லேப்டாப் வைத்திருப்பவருக்கும் அதுவே உதவும்.

அந்நியர்கள் வந்து தொல்லை கொடுப்பார்களா?

பொதுவெளியில் கொடுப்பார்கள். பட்டியலில் உள்ள கணக்குகள் மட்டும் நுழையும்படி தனி இடம் அமையுங்கள். ஒருவரை வெளியேற்றுவது, ஒலியை அடக்குவது எப்படி என்று ஆசிரியர் முன்பே பழகியிருக்க வேண்டும்.

தளமே மூடப்பட்டால் எங்கள் உழைப்பு என்னாகும்?

நியாயமான பயம். கூகுளின் லைவ்லி 2008-இல் தொடங்கி அதே ஆண்டிலேயே முடிந்தது. மைக்ரோசாஃப்ட் கையிலிருந்த ஆல்ட்ஸ்பேஸ் 2023 மார்ச்சில் மூடப்பட்டது. மொசில்லா தன் ஹப்ஸ் சேவையை 2024 மே மாதத்தோடு நிறுத்தியது. செகண்ட் லைஃப் இன்னும் இயங்குகிறது. ஆனால் கல்வி நிறுவனங்களுக்கான பாதி விலைச் சலுகையை விலக்கிக்கொள்வதாக 2010-இல் அது அறிவித்தபோது பல கல்லூரிகள் கிளம்பின. சலுகை 2013-இல் திரும்பி வந்தது, கிளம்பியவர்கள் எல்லாரும் திரும்பவில்லை.

மூடலுக்கு ஆளாவது ஆசிரியரின் உழைப்பு மட்டுமல்ல. ஒரு பருவம் முழுக்கக் கட்டிய வேலை காணாமல்போனது அடுத்த ஆண்டு மாணவர் காதுக்கும் எட்டும், ‘இதுவும் எத்தனை நாளைக்கோ’ என்ற சந்தேகத்தோடு அவர்கள் வருவார்கள். தளத்தைத் தேர்ந்தெடுக்கும்முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: நாங்கள் கட்டியதை வெளியே எடுத்துப்போக முடியுமா? சொந்த சர்வரில் இயக்கக்கூடிய ஓப்பன்சிமுலேட்டர் என்ற மெய்நிகர் உலக மென்பொருளில் ஒரு பகுதி முழுவதையும் ஒரே கோப்பாகச் சேமித்து வேறொரு சர்வரில் திறக்கலாம். காட்சி சற்றுப் பழையதாகத் தெரியும், பராமரிக்க ஆள் வேண்டும். அந்த ஆள் கல்லூரியில் இல்லை என்றால், எளிதில் திரும்பக் கட்டக்கூடிய சிறிய பயிற்சிகளோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.